ஒத்துக்கிறேன் மாப்ள, பந்தயத்துல நீதான் ஜெயிச்ச

டேய் மாப்ள,

எட்டு மாசமா ஒரு வரி கூட எழுதல, திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா இதைப் படிச்சுட்டுத் திட்டு, ஏன்னா நீ 2006லேர்ந்து என் வாயிலேர்ந்து கேக்கணும்னு காத்துக்கிட்டிருந்த ஒண்ணு இதுல இருக்கு: ஓட்டக் கஷ்டமா இருக்குற கார் கேம்தான் நிஜம் மாதிரின்னு நான் அடிச்சுப் பேசுனேனே, அது தப்பு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, நடக்குறாங்க, உன்னை விசாரிச்சாங்க. நாம கேம் ஆடுன சீனி அண்ணன் கம்ப்யூட்டர் சென்டர் இருந்த இடத்துல இப்ப செல்போன் கடை. மூணாம் நம்பர் சிஸ்டம் யாரு வீட்டுல தூங்குதோ. அவ்ளோதான் ஊர்க்கதை.

மேட்டர் என்னன்னா, அக்கா பையன். பத்தொம்பது வயசு ஆகுது, லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம். போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் போயிட்டு மழையில இறங்குறான், ஒரு வளைவுல கொஞ்சம் ஸ்பீடா உள்ள விட்டுட்டான், பாதி வளைவுல பயந்துபோயி ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை மொத்தமா எடுத்துட்டான். என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். வெயிட்டு எல்லாம் முன்னாடி சாயுது, பின்சக்கரம் லேசாகுது, ஈரத்துல பின்பக்கம் கிளம்பிருச்சு. அத்தானோட பழைய வண்டிடா, வண்டி வழுக்குனா தானா பிரேக் புடிச்சு நேராக்குற ஈஎஸ்சியெல்லாம் கிடையாது. பய பிரேக்கைத் தொடல, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்து நேராக்கிட்டான். வீட்டுக்கு வந்து காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு சொல்றான், "எல்லாம் அசெட்டோ கோர்சா கேம் சொல்லிக் குடுத்தது மாமா."

அதை அவனுக்கு போட்டுக் குடுத்தது யாரு? கேம் ஓட்டுற என் பழைய ஸ்டியரிங் வீலோட சேர்த்து நான்தான். அக்கா என்னைக் கும்பிடுறதா அடிக்கிறதான்னு தெரியாம நின்னா. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. காப்பாத்துனது கேம்தான், சரி. ஆனா அந்த வளைவுக்குள்ள அந்த ஸ்பீடுல போகலாம்னு அவனுக்கு தைரியம் குடுத்தது யாரு? அதே கேம்தான? அங்க ஒரு பட்டனை அமுக்குனா வண்டி முழுசா பிட்ல, ட்ராக் ஓரத்துல ரிப்பேர் பாக்குற இடத்துல, வந்து நிக்கும். கொடைக்கானல் ரோட்டுல அந்தப் பக்கம் என்ன இருக்கு, சொல்லு.

சரி, நிஜ வண்டின்னா என்னன்னு காட்டுறேன் வாடான்னு கோ-கார்ட் ட்ராக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். சிரிக்காத. மூணாவது டர்ன்லயே நான் ஸ்பின். பன்னெண்டு வயசு பாப்பா ஒண்ணு என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பாத்துச்சு பாரு, அந்தப் பார்வையை சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அங்க இருந்த தம்பி வந்து, "சார், இது பைக் இல்ல, உள்பக்கம் சாயாதீங்க"ன்னான். அப்பறம்தான் உறைச்சுது. கார்ட்டுக்கு டிஃபரன்ஷியல் கிடையாது, பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே ராடுல, ஒரே வேகத்துலதான் சுத்தும். திரும்பணும்னா உள்பக்க பின்சக்கரம் கொஞ்சம் தரையை விட்டுத் தூக்கணும், நான் அது மேல போயி உக்காந்துக்கிட்டு திரும்ப மாட்டேங்குதுன்னு ஸ்டியரிங்கோட சண்டை போட்டிருக்கேன்.

அதுக்கப்பறம் நிமிந்து உக்காந்து ஓட்டுனேன் பாரு, அங்கதான் உன் ஞாபகம் வந்துச்சு. பின்பக்கம் நழுவுது, நான் யோசிக்கிறதுக்குள்ள கை திருத்திருச்சு. திரும்ப நழுவுது, திரும்ப திருத்திருச்சு. இதே நான் வீட்டுல ஸ்க்ரீன் முன்னாடி அம்பது தடவ சுத்தி விழுவேன்டா! நிஜம் ஈஸியா இருக்கு மாப்ள. மோஸ்ட் வான்டட் கேம் ஓட்டிக்கிட்டே நீ அன்னிக்குக் கேட்டியே, "கஷ்டமா இருந்தா நிஜம்னு அர்த்தமாடா?"ன்னு. நான் உன்னை பொம்மை கார் ஓட்டுறவன்னு சொன்னேன். வாபஸ்.

எனக்கு அந்த கிறுக்கு எங்க பிடிச்சுதுன்னு யோசிச்சேன். கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ்தான். 1998ல வந்தது, 1967 ஃபார்முலா ஒன் சீசன், வண்டியைத் தரையோட அமுக்குற விங்கே இல்லாத வண்டிங்க. முதல் ஒரு வாரம் ஒரு லேப் கூட முழுசா முடிக்க முடியல, அதனாலேயே இது நிஜம்னு முடிவு பண்ணிட்டேன். முடிக்க முடிஞ்ச கேம் எல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு. எவ்ளோ திமிரு பாரு.

இப்ப உக்காந்து படிக்கிறேன், பரீட்சைக்குக் கூட இப்டி படிச்சதில்ல. டயரு வளைவுல க்ரிப் குடுக்கணும்னா கொஞ்சம் நழுவியே ஆகணும். சக்கரம் பாக்குற திசைக்கும் வண்டி போற திசைக்கும் நடுவுல ஒரு கோணம், ஸ்லிப் ஆங்கிள். அது கூடக்கூட க்ரிப் ஏறும், சில டிகிரி வந்ததும் உச்சிக்குப் போகும், அப்பறம் இறங்கும். எல்லா வம்பும் அந்த இறக்கத்துலதான். கேம் பண்றவன் அதை மொட்டை மாடியிலேர்ந்து விழுற மாதிரி எழுதி வச்சா வண்டி சோப்புத் தண்ணியில நிக்கிற மாதிரி சுத்தும், நாமளும் ஆஹா என்ன ரியலிசம்னு கை தட்டுவோம். சரிவு மாதிரி எழுதுனா திருத்த நேரம் கிடைக்கும், உடனே நம்ம ஆளுங்க ஆர்கேடு, பொம்மை கேம்னு துப்புவாங்க.

அந்த வளைகோட்டுக்கு ரொம்பப் பேரு எடுக்குற ஃபார்முலா ஹான்ஸ் பசேய்கான்னு டெல்ஃப்ட் யுனிவர்சிட்டி ப்ரொஃபசர் குடுத்தது. பேரே மேஜிக் ஃபார்முலா! டயருக்குள்ள என்ன நடக்குதுன்னு அது சொல்லாது, டெஸ்ட்ல அளந்து பாத்த எண்ணுக்கு அழகா பொருந்தி வரும், அவ்ளோதான். நம்ம ஃபிசிக்ஸ் சார் விடையை முதல்ல எழுதிட்டு ஸ்டெப் போடுவாரே, அதே ஜாதி. இதுல ஒரு கூத்து என்னன்னா, ஸ்லிப் கணக்குல வண்டியோட வேகத்தால வகுக்கணும். வண்டி நின்னுட்டா? பூஜ்யத்தால வகுக்கணும்! அதுக்குன்னு தனியா ஏதாவது ஒட்டு வேலை பண்ணலேன்னா முந்நூறுல பறக்குற கார் ஸ்டார்ட்டிங் லைன்ல நிக்கும்போது சீனி அண்ணன் யெஸ்டி மாதிரி உதறும்.

இன்னொண்ணு, டயரு மேல ரெண்டு மடங்கு வெயிட் வச்சா ரெண்டு மடங்கு க்ரிப் வராது, குறைச்சலாத்தான் வரும். அதனாலதான் வண்டி ஒரு பக்கம் சாஞ்சாலே மொத்த க்ரிப்புல கை வைக்குது. இதெல்லாம் இப்ப நல்ல கேம்ல இருக்கு, அசெட்டோ கோர்சா நொடிக்கு 333 தடவ கணக்குப் போடுது. கணக்கு சரியா இருந்தும் ஏன் வீட்டுல சுத்துறேன்? கார்ட்ல பின்பக்கம் கிளம்புனதும் முதல்ல இடுப்புக்குத் தெரியுது, காதுக்குள்ள தெரியுது, கண்ணுக்கு கடைசியாத்தான். வீட்டுல நாற்காலி அசையாது. கண்ணும் கையும் மட்டும்தான், அதுல கண்ணு லேட்டு. கை பரவால்ல, முன்டயரு உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்டியரிங் லேசாகும், அதை கேம் வீலுக்குள்ள இருக்குற மோட்டார் சொல்லிரும், ஆனா பின்பக்கத்தைப் பத்தி அது தெளிவா ஒண்ணும் சொல்லாது.

அப்போ கேம் பண்றவன் என்ன பண்ணணும்? எண்ணை அப்டியே விட்டா நிஜத்தை விட கஷ்டம், கொஞ்சம் சாஃப்ட் பண்ணா ஓட்டுறவனுக்கு நிஜம் மாதிரி இருக்கும் ஆனா எண்ணு பொய். எது ரியல்? ரெண்டு வாரமா மண்டையில இதுதான், ஆபீஸ் மீட்டிங்ல கூட. நாம கிண்டல் பண்ண கிரான் டுரிஸ்மோ கேமை எடுத்துக்கோ. கேம் ஆடுறவங்கள்லேர்ந்து நிஜ ரேஸ் டிரைவரைத் தேடுன அதோட ஜிடி அகாடமி போட்டியில 2008ல ஜெயிச்ச ஸ்பெயின் பையன் லூகாஸ் ஓர்டோனியஸ், 2011 லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல, எல்எம்பி2ங்கிற ரெண்டாம் கட்ட ரேஸ் கார் கிளாஸ்ல ரெண்டாவது வந்தான். நான் லெஜண்ட்ஸ் ஓட்டி கண்டது ஒரு கார்ட், ஒரு பாப்பா.

மருமவன் அன்னிக்கு என்னை விட மூணு செகண்ட் ஃபாஸ்ட். சாவியை மட்டும் அக்கா இன்னும் குடுக்கல, நானும் சிபாரிசு பண்ணல.

நீ கொலோன்ல உக்காந்துருக்க, நூர்பர்க்ரிங் ரேஸ் ட்ராக் பக்கத்துலயே கிடக்கு, காசு கட்டுனா யாரு வேணா ஓட்டலாம், ஆறு வருஷமா ஒரு தடவ கூட போகல. நான் ரூம்ல உக்காந்து அந்த 20.8 கிலோமீட்டரை நூத்துக்கணக்குல சுத்திருக்கேன், லேசர்ல ஸ்கேன் பண்ண ட்ராக்கு. அந்த கரூசல் வளைவுல, காங்கிரீட் பள்ளத்துக்குள்ள இறங்குனதும் வீல் கையில கடகடன்னு அடிக்குது. நிஜத்துலயும் அப்டித்தானா? போயி மெதுவா ஒரே ரவுண்டு ஓட்டிட்டு எழுது. வாடகை கார்ல போயிராத, அக்ரிமென்ட்டைப் படி.

பந்தயத்துல தோத்ததுக்கு அடுத்த தடவ வர்றப்ப பன் பரோட்டா என் செலவு. நாலு வரைக்கும். அஞ்சாவதுலேர்ந்து உன் பர்ஸு.

உன்
ஸ்பின் மாஸ்டர்