கிராக்கோவ் பயணத் திட்டம்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

வார்சா,
மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய கடிதமும் அதனுடன் இணைத்திருந்த பட்டியலும் கிடைத்தன. அம்மாவின் முழங்கால் வலி சற்றுத் தணிந்திருப்பதாக எழுதியிருந்தது ஆறுதலாக இருந்தது. விசா கைக்கு வந்துவிட்டபடியால், மே மாதத்தில் நாம் மூவரும் கிராக்கோவில் கழிக்கப்போகும் அந்த வெள்ளி, சனி, ஞாயிறை எப்படிப் பங்கிடுவது என்பதைத் தவிர இனி முடிவுசெய்ய வேறொன்றுமில்லை. உங்கள் பட்டியலில் உள்ள இடங்கள் எல்லாவற்றையும் பார்க்க ஒரு வாரம் வேண்டும். ஆகவே எவற்றை வைத்துக்கொண்டேன், எவற்றை விட்டுவிட்டேன், ஏன் என்பதை எழுதுகிறேன். மாற்ற வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள்.

நான் வசிக்கும் வார்சாவிலேயே பழைய நகரம் இருக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இரண்டாம் உலகப் போரில் வார்சா ஏறக்குறைய முழுவதுமாகத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் காணும் அதன் பழைய நகரம், பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் பார்த்துப் போருக்குப் பின் கல் கல்லாக எழுப்பப்பட்டது. அந்த உழைப்பு போற்றத்தக்கதே. தினமும் அலுவலகம் விட்டு வரும் வழியில் அதைக் கடக்கும்போதெல்லாம் நான் வியக்கிறேன். ஆயினும் கிராக்கோவ் அந்த அழிவிலிருந்து தப்பிய நகரம். சுமார் 1600ஆம் ஆண்டுவாக்கில் அரசவை வார்சாவுக்கு இடம்பெயரும்வரை போலந்தின் தலைநகராக இருந்த ஊர் அது. 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த பன்னிரண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களில் கிராக்கோவின் பழைய நகரமும், அதற்கு அருகிலுள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கமும் இடம்பெற்றிருந்தன.

மே மாத முதல் வாரத்தைத் தவிர்த்துவிட்டேன். மே 1 தொழிலாளர் தினம், மே 3 அரசியல் சாசன தினம். இரண்டையும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு நாடே ஊர்சுற்றக் கிளம்பிவிடும். அறை வாடகையும் அந்த வாரத்தில் ஏறிவிடும். அதற்கடுத்த வார இறுதி நமக்குப் பொருத்தமாக இருக்கும். அப்போது இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருப்பதால், பிற்பகலில் அம்மா அறையில் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் மாலை நடைக்குப் போதிய நேரம் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ரயில். பொன்மலை பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த உங்களுக்கு இந்த ரயிலே ஒரு காட்சிப் பொருளாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெண்டலினோ என்னும் இந்த ரயில், 1970களில் போடப்பட்ட மத்திய நெடும்பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் வரை சென்று, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் கிராக்கோவில் இறக்கிவிடும். பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு. மூத்த குடிமக்களுக்குச் சலுகையும் உண்டு. ஆனால் பரிசோதகர் வயதுச் சான்று கேட்பார் என்பதால் கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். கைப்பேசி ஒலித்தால் எழுந்து இரண்டு பெட்டிகளுக்கு இடையிலுள்ள பகுதிக்குப் போய்ப் பேசுவார்கள். தொடக்கத்தில் எனக்கு இந்த அமைதி மூச்சு முட்டியது; இப்போது ஊருக்கு வரும்போது நம் ரயிலின் இரைச்சல்தான் புதிதாகத் தெரிகிறது.

பழைய நகரத்தைச் சுற்றி முன்பு மதில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டு, அகழியைத் தூர்த்து, மரங்கள் நட்டு, பிளாண்ட்டி என்ற பூங்காவாக மாற்றிவிட்டார்கள். கோயிலைச் சுற்றி மாட வீதிகள் அமைந்திருப்பதுபோல் இந்தப் பூங்கா ஊரை நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைத்துக் கிடக்கிறது. அதை ஒட்டிய தெருவிலேயே அறை எடுக்கப் போகிறேன். சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். சில அடிகளுக்கு ஒரு பெஞ்சு இருப்பதால் அம்மா வேண்டும்போது உட்காரலாம். லிஃப்ட் உள்ள கட்டடம்தானா என்று கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்வேன். பழைய கட்டடங்கள் பலவற்றில் அது கிடையாது.

வெள்ளி பிற்பகலை, யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்த காஜிமியெஷ் பகுதிக்கு ஒதுக்கியிருக்கிறேன். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள் என்பதால் தொழுகைக்கூடங்களைப் பார்வையிட முடியாது. அதனால்தான் இது முதல் நாளே வருகிறது. அங்கிருந்து விஸ்துலா ஆற்றைக் கடந்தால் பொட்குஜே என்ற பகுதி. 1941இல் நாஜிகள் நகரத்து யூதர்களை அடைத்து வைத்ததும், 1943 மார்ச்சில் அவர்களில் எஞ்சியோரைக் கொன்றும் முகாம்களுக்கு ஏற்றி அனுப்பியும் முடித்ததும் இந்த இடத்தில்தான். அங்குள்ள ஒரு சதுக்கத்தில் அவர்கள் நினைவாக இப்போது வெறும் உலோக நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விளக்கப் பலகையைப் படிக்காமல் கடந்து போகிறவர்கள் யாரோ மறந்துவிட்டுப் போனவை என்றுதான் நினைப்பார்கள். ஜெர்மானியத் தொழிலதிபர் ஷிண்ட்லரின் தொழிற்சாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்குள்ள அருங்காட்சியகம், அவர் யூதர்களைக் காப்பாற்றிய கதையைக் காட்டிலும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இந்நகரம் இருந்த விதத்தையே விரிவாகச் சொல்கிறது. உங்களுக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன். நுழைவுச் சீட்டு சில நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால் இதை முதலில் வாங்கிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை முழுவதும் சந்தைச் சதுக்கம். தாத்தாரியர்கள் என்று இங்கே அழைக்கப்படும் மங்கோலியப் படையினர் 1241இல் ஊரை அழித்துவிட்டுப் போன பிறகு, 1257இல் புதிதாக அளந்து போட்ட சதுக்கம் இது. பக்கத்துக்கு இருநூறு மீட்டர் வீதம் ஏறக்குறைய பத்து ஏக்கர். நடுவில் சுக்கியென்னிட்ஸே என்னும் பழைய துணிச் சந்தைக் கட்டடம், ஒரு மூலையில் உயரம் ஒத்துப்போகாத இரண்டு கோபுரங்களுடன் புனித மரியாள் ஆலயம். மணிக்கொரு முறை உயரமான கோபுரத்தின் உச்சியில் ஜன்னல் திறக்கும். தீயணைப்பு வீரர் ஒருவர் எக்காளத்தை வெளியே நீட்டி ஒரு சிறு மெட்டை ஊதுவார். மெட்டு முடியும் முன்பே சட்டென்று நின்றுவிடும். பிறகு அடுத்த திசை ஜன்னலுக்குப் போய் அதையே ஊதுவார், இப்படி நான்கு திசைகளுக்கும். தாத்தாரியர் படையெடுப்பை எச்சரித்து ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் மெட்டு பாதியில் நின்றது என்று கதை சொல்கிறார்கள். கதை பிற்காலத்தது என்று ஆய்வாளர்கள் கூறினாலும் ஊர் அதை விடுவதாக இல்லை; நண்பகல் ஊதலைப் போலந்து வானொலியும் நாடு முழுவதற்கும் ஒலிபரப்புகிறது. குளிர்காலத்தில் அலுவலக நண்பர்களுடன் போயிருந்தபோது, ஊதி முடித்தவர் கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். கீழே இருந்த குழந்தைகள் எல்லாம் திருப்பிக் கையசைத்தன.

அந்த ஆலயத்துக்குள் 11.50க்குச் சரியாக இருக்க வேண்டும். விட் ஸ்த்வோஷ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை செதுக்கிய பலிபீடத்தின் கதவுகளை அந்த நேரத்தில்தான் திறப்பார்கள். லிண்டன் மரத்தில் செய்த ஆளுயரத்தையும் மிஞ்சிய உருவங்கள். நடுவில் மரியாள் உயிர் பிரியும் காட்சி. சுற்றி நிற்கும் சீடர்களின் கைகளைக் கவனியுங்கள் அப்பா, புறங்கையில் புடைத்த நரம்புகளைக்கூட உளியால் எடுத்திருக்கிறார். போரின்போது நாஜிகள் இதைக் கழற்றி ஜெர்மனிக்குக் கொண்டு போனார்கள். 1946இல் மீண்டும் ஊர் வந்து சேர்ந்தது. பயணிகள் வருவதற்கு நேர ஒழுங்கு உண்டு. ஞாயிறு காலையில் திருப்பலி நடக்கும் என்பதால்தான் சனிக்கிழமையைத் தேர்ந்தேன்.

பிற்பகலில், பழைய அரசர்களின் அரண்மனை இருக்கும் வாவெல் குன்று. அரண்மனையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சீட்டு, தனித்தனி நேரம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கினால் கால் ஓய்ந்துபோகும். அரச அறைகளை விட்டுவிட்டு, அரசர்கள் அடக்கம் செய்யப்பட்ட பேராலயத்தை மட்டும் பார்ப்போம். அதன் கோபுரத்தில் தொங்கும் சிகிஸ்முண்ட் மணி உங்களுக்காகவே இருப்பதுபோல் எனக்குப் படுகிறது. 1520இல் வார்த்த வெண்கல மணி. நாக்கும் தாங்கு சட்டமும் சேர்த்து எடை பன்னிரண்டு டன்னுக்கு மேல். பெருவிழா நாட்களில் பன்னிரண்டு பேர் கயிறு பிடித்து இழுத்தால்தான் அது அசையும். வார்ப்புக் கூடத்தில் நீங்கள் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் ஆதலால், மின்சாரமும் பாரந்தூக்கியும் இல்லாத காலத்தில் அதை எப்படி ஊற்றியிருப்பார்கள் என்று உங்கள் வாயால் கேட்க ஆசையாக இருக்கிறது. மேலே போகும் மரப்படிகள் குறுகலும் செங்குத்துமானவை. அம்மா கீழே முற்றத்தில் இருக்கட்டும். கீரியைப் போன்ற எர்மின் என்னும் சிறு விலங்கைக் கையில் ஏந்திய பெண்ணை லியொனார்டோ வரைந்த ‘எர்மினுடன் பெண்’ ஓவியம் சர்தொரிஸ்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கால்களில் தெம்பு மிஞ்சினால் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை வியெலிச்கா. இதில்தான் யோசனை வேண்டியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி 1996 வரை உப்பு எடுத்த சுரங்கம் அது. தொடக்கத்திலேயே 380 மரப்படிகள் இறங்க வேண்டும். மொத்தம் 800 படிகள், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. மேலே வரும்போது மட்டும் லிஃப்ட். பூமிக்கு நூறு மீட்டர் ஆழத்தில் சுரங்கத் தொழிலாளர்களே குடைந்து செதுக்கிய புனித கிங்கா ஆலயத்தில் தரை, சுவர்ச் சிற்பங்கள், சரவிளக்கின் படிகங்கள் யாவும் உப்பு. அந்த உப்பு வெள்ளையாக இராது. கருங்கல் நிறத்தில் இருக்கும். இவ்வளவு படிகளை அம்மா இறங்குவது நடவாத காரியம். ஆங்கிலத்தில் விளக்கும் வழிகாட்டியுடன் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். மேலே, உப்பு நீரை முட்செடிக் கட்டுகளின் வழியாகச் சொட்டவிட்டு உப்புக் காற்றைச் சுவாசிக்கும்படி கட்டிய மர அரண் ஒன்று இருக்கிறது. அங்கே நானும் அம்மாவும் உட்கார்ந்திருப்போம். உள்ளே எப்போதும் குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

நாஜிகளின் கொலை முகாமாக இருந்த ஆஷ்விட்ஸ் உங்கள் பட்டியலில் முதலாவதாக இருந்தது. நான் அதைச் சேர்க்கவில்லை. கிராக்கோவிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். காலையில் அங்கேயும் மாலையில் உப்புச் சுரங்கத்திலும் என்று ஒரே நாளில் இரண்டையும் முடித்துக் கூட்டிவரும் ஏற்பாடுகள் இங்கே நிறைய விற்கின்றன. பதினொரு லட்சம் பேர் கொல்லப்பட்ட இடத்துக்கு அப்படி அவசர அவசரமாகப் போய்வர எனக்கு மனமில்லை. நீங்கள் கட்டாயம் பார்க்க விரும்பினால் திங்கட்கிழமையும் விடுப்பு எடுத்து, அந்த ஒரு நாளை அதற்கென்றே வைக்கிறேன். அனுமதிச் சீட்டு பெயர் போட்டு வரும். ஆகையால் உங்கள் முடிவு விரைவில் தெரிய வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். பால் உணவகம் என்று பொருள்படும் பெயரில் இங்கே மலிவான உணவுக்கூடங்கள் உண்டு. தட்டை நாமே ஜன்னலில் வாங்கி, சாப்பிட்ட பிறகு நாமே திருப்பி வைக்க வேண்டும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியெரோகி கொழுக்கட்டை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் கேட்காவிட்டால் பன்றிக் கொழுப்புத் துணுக்கை வறுத்து மேலே தூவிவிடுவார்கள். ‘பெஸ் மியென்சா’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், நான் சொல்லிக்கொள்கிறேன். சூப் பெரும்பாலும் எலும்பு வேகவைத்த நீரில் செய்வது, அதைத் தொட வேண்டாம். தெருமுனை வண்டிகளில் எள்ளோ கசகசாவோ தூவி விற்கும் ஒப்வஜானெக் என்ற வளைய ரொட்டி மொறுமொறுப்பானது, ஆனால் காலையில் வாங்கியது மாலைக்குள் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகளைச் சட்டப்படி மூடிவிடுவதால் பழம், தயிர் முதலியவற்றைச் சனிக்கிழமை இரவே வாங்கி வைத்துவிடுவேன்.

இன்னும் ஒன்று. இங்கே கழிப்பறைக் கதவுகளில் எழுத்துக்குப் பதில் வட்டமும் முக்கோணமும் போட்டிருப்பார்கள். வட்டம் பெண்களுக்கு, முக்கோணம் ஆண்களுக்கு. உள்ளே நுழையச் சில்லறை கேட்பார்கள். ஒன்றிரண்டு ஸ்வாட்டி நாணயங்களை ஆளுக்குக் கொஞ்சம் பையில் போட்டுத் தருகிறேன்.

வரும்போது அம்மாவின் முழங்கால் உறை, நன்றாகப் பழகிய காலணி, மழைக்குத் தாங்கும் மேலங்கி ஆகிய மூன்றையும் மறக்க வேண்டாம். புதுச் செருப்பு வாங்காதீர்கள். சதுக்கத்துத் தெருக்கள் கல் பாவியவை. திங்கட்கிழமை பற்றிய உங்கள் முடிவையும், இருவருடைய பெயர்களும் கடவுச்சீட்டில் எந்த எழுத்துக்கூட்டலில் உள்ளன என்பதையும் உடனே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்