தம்பி, சங்காய் மான் பார்த்தேன்

மோரே,
பிப்ரவரி 2019

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வேலையாக இருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா பிள்ளைகள் நச்சரித்ததில் போன வாரம் கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை என்று அழுதுகொண்டு வந்தாயே, அதே இடம். இத்தனை வருடம் மணிப்பூரில் இருந்தும் நான் போனதில்லை. கடையை விட்டு எங்கே நகர்ந்தேன்?

முதல் நாளே இம்பாலில் தங்கிவிட்டு, இருட்டோடு கிளம்பிப் போய்க் குன்றின் மேல் ஏறி நின்றோம். ஒரே பனி. வெயில் ஏறிப் பனி கொஞ்சம் விலகியதும் நாணல் அசைந்தது. முதலில் கொம்புதான் தெரிந்தது. நெற்றியில் இருந்து முன்னால் ஒரு கிளை, பின்னால் ஒரு கிளை, இரண்டும் சேர்ந்து ஒரே வில்லாக வளைந்திருந்தன. பின்னாலேயே இரண்டு பெண் மான்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நீ பார்க்காமல் போனதை நான் பார்க்கிறேனே என்றிருந்தது.

அது நிற்கிற இடம் தரையே இல்லை. லோக்தக் ஏரியில் புல்லும் வேரும் மக்கிப் பின்னி மிதக்கிற பும்தி. ஓரத்தில் காலை வைத்தேன், பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கிச் செருப்பைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. சங்காய் குளம்போடு கணுவையும் மடக்கிப் பதித்து, தத்தித் தத்தி நடக்கிறது.

அங்கே காவலுக்கு இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். 1951-இல் இந்த மான் அழிந்தே போய்விட்டது என்று முடிவு கட்டினார்களாம். இரண்டு வருடத்தில் மறுபடி கண்ணில் பட்டது. 1975-இல் வானில் இருந்து எண்ணியபோது 14. 2016-இல் 260. உலகத்திலேயே காட்டில் இருப்பது அங்கே மட்டும்தான். முன்பெல்லாம் லோக்தக் வற்றும் மாதங்களில் பும்தி கீழே இறங்கி அடிமண்ணில் உட்காருமாம். வேர் மண்ணில் சத்தை எடுத்துக்கொண்டு, மழை வந்ததும் மறுபடி மிதக்கும். 1983-இல் இத்தாய் தடுப்பணை வந்த பிறகு ஏரியில் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. மண்ணைத் தொட முடியாமல் பும்தி மெலிந்துகொண்டே போகிறது, சில இடங்களில் மானின் கால் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது என்றார். அதற்கப்புறம் எனக்கு மான் பார்ப்பதில் மனம் போகவில்லை.

இந்த மாதப் பணம் வந்தது. வேறு யாரோ ஒருவர் கணக்கில் இருந்து வந்திருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. மகன் மாதம் தவறாமல் அனுப்புகிறான் என்று அங்காளம்மன் கோயிலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறவன் நான். ஆனால் கைமாற்று வாங்கி அனுப்ப வேண்டாம். கடையில் வருவது எங்கள் இரண்டு பேருக்குப் போதும். அதற்காக இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது சரியில்லை தம்பி. அம்மா தினமும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, வயிற்றைக் காயப் போடாதே.

கடையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது, 'இது நம் ஊர் இல்லை, படித்தவன் சென்னைக்குப் போ' என்று விரட்டினேன். தாத்தா பர்மாவில் எல்லாவற்றையும் விட்டு வந்தவர், திரும்பிப் போகக் கிளம்பி இந்த மோரே எல்லையிலேயே நின்றுபோனவர். நமக்கு எந்த மண்ணும் நிலைக்காது என்று சின்ன வயதில் இருந்தே எனக்குள் ஒரு பயம். உன் நல்லதுக்கு என்று சொன்னேன். அந்தப் பயத்தில்தான் உன்னை அனுப்பினேன். மைத்தேயும் பர்மிய மொழியும் பேசி நீ இந்தத் தெருவில் வளர்ந்தாய். இது உன் ஊர்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்னுடையது.

மேல் அறையில் கிடந்த மூட்டைகளை இறக்கி வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். எதற்கென்று அம்மா கேட்டாள், கரையான் என்றேன். டிக்கெட்டுக்கு நான் பணம் போடுகிறேன், எந்தத் தேதி என்று மட்டும் சொல்.

அப்பா