கோரிக்கை மனு: மேற்குக் கடலோர ஆளுமைகளுக்கு அவர்கள் பிறந்த ஊர்களில் தகவல் பலகையும், பள்ளிகளுக்கு ஒரு சிறு நூலும்

அனுப்புநர்
தேங்காப்பட்டணம், இனயம், தூத்தூர், பள்ளியாடி, அதங்கோடு சுற்றுவட்டார ஊர்மக்கள்,
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் பிறந்த சான்றோர்களின் ஊர்களில் அரசு தகவல் பலகை அமைத்தல், மாணவர்களுக்கான வரலாற்றுச் சிறுநூல் வெளியிடுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கேரள எல்லையை ஒட்டிய கடலோர ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கள் பகுதியில் பிறந்து நாடறியப் புகழ்பெற்றவர்களின் பெயரும் பணியும் அவர்கள் பிறந்த மண்ணில் அரசின் எழுத்தாக இருக்க வேண்டும் என்று கேட்டு இந்த மனுவை அளிக்கிறோம். நாகர்கோவிலில் தமிழகத்தோடு இணையும் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணிக்கும் பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவுக்கும் மணிமண்டபங்கள் உள்ளன. அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் நேசமணி பிறந்த பள்ளியாடியில் படிக்கும் பிள்ளை, தன் ஊரின் பெருமையைத் தெரிந்துகொள்ள நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கக் கூடாது.

தேங்காப்பட்டணத்தில் 1944இல் பிறந்தவர் எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான். பள்ளியில் மலையாளம் படித்து வளர்ந்தவர், இந்தக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சுத் தமிழை அப்படியே நாவலுக்குள் கொண்டுவந்தார். 1997இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. குழித்துறை ஆறு கடலில் சேரும் எங்கள் ஊரைத் தமிழ் வாசகர்கள் பலர் அவருடைய எழுத்தின் வழியாகவே அறிவார்கள். 2019இல் அவர் மறைந்தார். அவருடைய ஊரைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்று வரை நாங்கள் வாய்மொழியாகத்தான் வழி சொல்லி அனுப்புகிறோம்.

கிழக்கே குளச்சல். 1957 தேர்தலில் அந்தத் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராஜரின் எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண். உள்ளாட்சித் துறையையும் மீன்வளத் துறையையும் கவனித்தார். கடற்கரைச் சமூகத்தில் பிறந்த ஒரு பெண், மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த மறு ஆண்டே கோட்டையில் அமைச்சராக அமர்ந்தார் என்பது சின்னச் செய்தி அல்ல. இன்று மீன்பிடித் துறைமுகங்களிலும் மீன் சந்தைகளிலும் உழைக்கும் பெண்களின் மகள்களுக்கு இதைவிட நல்ல பாடம் எது? ஆனால் குளச்சலிலேயே எத்தனை மாணவியருக்கு அவர் பெயர் தெரியும் என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

எங்கள் முதன்மையான கவலையை இங்கே சொல்ல விரும்புகிறோம். இந்தக் கடலோரத்தில் சான்றோர்களின் நினைவு சமூகவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. பள்ளிவாசல் தெருவில் மீரானைத் தெரியும். குருசடி என்னும் சிலுவைக் கோயில் பக்கம் தேவசகாயத்தைத் தெரியும். அய்யாவழி வழிபாட்டிடங்களான பதிகளில் அய்யா வைகுண்டரைத் தெரியும். பக்கத்துத் தெருவின் பெரியவர் நமக்கும் பெரியவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு சமூகமும் தன்னவருக்கு விழா எடுக்கிறது, சுவரொட்டி ஒட்டுகிறது. எல்லோரையும் ஒரே வரிசையில், ஒரே அளவுப் பலகையில் வைக்க அரசால் மட்டுமே முடியும். அதனால்தான் இதை எந்தச் சங்கத்திடமும் கேட்காமல் தங்களிடம் கேட்கிறோம்.

அந்த வரிசையில் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் இருக்க வேண்டும். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். சாமித்தோப்பில் சாதிக் கொடுமைக்கு எதிராக எழுந்த வைகுண்டர், பூதப்பாண்டியின் ஜீவா, தேரூரின் கவிமணி, ஒழுகினசேரியின் கலைவாணர் ஆகியோரை ஊரறியும். அவர்களைப் பற்றி நாங்கள் விரித்துச் சொல்லத் தேவையில்லை. இஸ்ரோவின் தலைவர்களாக உயர்ந்த சரக்கல்விளை கே. சிவன், மேலக்காட்டுவிளை வி. நாராயணன் இருவரும் நம் மாவட்டத்துக் கிராமங்களில் பிறந்தவர்கள்.

நேசமணியைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சில வரிகள். 1895இல் பிறந்த அவர் வழக்கறிஞராக நாகர்கோவில் நீதிமன்றத்துக்குள் நுழைந்தபோது சாதி பார்த்து இருக்கை போடும் வழக்கத்தை எதிர்த்து நின்றது இன்றும் இங்கே பேசப்படுகிறது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று அவர் தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதன் பிறகே, எங்கள் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 வந்தது. 1968இல் அவர் மறைந்ததால் காலியான நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில்தான் மறு ஆண்டு இடைத்தேர்தலில் காமராஜர் வென்றார். நேசமணியின் பலகையில் புதுக்கடையில் விழுந்தவர்களின் தியாகமும் சேர்ந்தே இடம்பெற வேண்டும்.

தொன்மையையும் விடக்கூடாது. தொல்காப்பியம் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்னிலையில் என்று அந்நூலின் பாயிரம் சொல்கிறது. அந்த ஆசான் விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டுக்காரர் என்பது எங்கள் பகுதியின் நெடுநாள் நம்பிக்கை. முன்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் கோயிலோடு சேர்த்து 95 சட்டர் (மாணவர்) தங்கிப் படிக்க ஒரு கல்விச்சாலை நிறுவியதைச் செப்பேடே சொல்கிறது. பலகையில் செப்பேட்டுச் சான்றைச் சான்றாகவும், மரபை மரபாகவும் பிரித்து எழுத வேண்டுகிறோம். மிகைப்படுத்தி எழுதினால் பிற்காலத்தில் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தனி மனிதர் பெயர் எதுவும் எழுதப்படாத சாதனை ஒன்றும் உண்டு. நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள தூத்தூர் பகுதி மீனவர்கள் சுறா பிடிப்பதிலும் ஆழ்கடல் தூண்டிலிலும் இந்திய மேற்குக் கடற்கரை முழுவதும் பேர் பெற்றவர்கள். கொச்சியிலிருந்து புறப்பட்டு இலட்சத்தீவு, குஜராத் கடல் வரை போய் வருகிறவர்கள். 2017 ஒக்கிப் புயலில் இந்த ஊர்கள் இழந்த உயிர்கள் அதிகம். தூத்தூரில் வைக்கப்படும் பலகை அந்தத் தொழில் அறிவைப் பற்றியதாக இருக்கட்டும்.

சிலை கேட்கவில்லை, ஐயா. சிலை என்றால் இடத் தகராறும் பாதுகாப்புச் சிக்கலும் வரும். பஸ் நிறுத்தத்திலோ ஊராட்சி அலுவலக வாசலிலோ, உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத கருங்கல்லில் பத்து வரி போதும். எல்லை தாண்டி நாள்தோறும் வருவோரும் படிக்க, தமிழோடு மலையாளத்திலும் எழுதலாம். குமாரபுரத்தில் பிறந்த எஸ். ரமேசன் நாயர் திருக்குறளை மலையாளத்துக்குக் கொண்டு சென்றவர். திக்குறிச்சி சுகுமாரன் நாயர் மலையாளத் திரையின் முன்னோடி நடிகர். அவர்களும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளே.

சிறுநூலைப் பள்ளிக் கல்வித் துறை வழியாக, வரலாறு, தமிழ் பேராசிரியர்களைக் கொண்டு சரிபார்த்து, மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் எட்டாம் வகுப்பு முதல் வழங்கலாம். ஊர்ப் பெரியவர்களிடமிருந்து தகவல் திரட்டவும் பழைய படங்களைக் கொண்டுவந்து தரவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். பலகைக்கான இடத்தை அந்தந்த ஊராட்சி, பேரூராட்சியுடன் பேசி ஏற்பாடு செய்வதிலும் துணை நிற்போம்.

வரும் நவம்பர் 1, மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளில், முதல் இரண்டு பலகைகளையாவது பள்ளியாடியிலும் தேங்காப்பட்டணத்திலும் தாங்களே திறந்து வைக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். மற்ற ஊர்களுக்கு அடுத்த நிதியாண்டில் ஒதுக்கீடு செய்யவும், எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்குக் கடலோர ஊர்மக்கள்

இணைப்பு: ஊர்மக்களின் கையொப்பப் பட்டியல்; பலகை அமைக்கத் தகுந்த இடங்களின் வரைபடம்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், நாகர்கோவில், வருவாய்க் கோட்டாட்சியர், பத்மநாபபுரம்.