'உடைந்த அச்சு' நாவலுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் முதல் நாவலான 'உடைந்த அச்சு' புத்தகமாகக் கைக்கு வந்துவிட்டது. கிண்டில் பதிப்பும் வெளியாகிவிட்டது. சிலைத் திருட்டை வைத்துப் பின்னிய துப்பறியும் கதை. எழுத்தும் பதிப்பும் நானே என்று உள்பக்கம் சொல்கிறது. ஆனால், படிப்பவர் நம்பும்படியாக இந்தக் கதையில் எது இருந்தாலும் அதன் பின்னால் யாரோ ஒருவர் தம் நேரத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். நூலின் நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்க முடிந்தது. மனத்தில் இருப்பது அதற்குள் அடங்கவில்லை.

முதல் நன்றி, உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதி ஐயாவுக்கு. கதையின் முடிச்சே அவருடைய பட்டறையில்தான் கிடைத்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். காய்ந்ததும் கனமான மண்ணை அடுத்தடுத்து அப்பிக் கம்பி கட்டுவார்கள். வறட்டி அடுக்கிச் சூடேற்றியதும் உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டவைதான். ஆனால், ஆறிய மண் அச்சை அவர் தட்டத் தட்ட, முதலில் ஒரு விரல் நுனியும், பிறகு உள்ளங்கையும், கடைசியில் கரி படிந்த முகமுமாக அம்மன் வெளியே வந்ததைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே எழவில்லை. கீழே சிதறிக் கிடந்த மண்ணில் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "இதன் வேலை முடிந்துவிட்டதம்மா. இன்னோர் அம்மன் வேண்டுமென்றால் மறுபடியும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அவள் இவளைப் போலவே இருப்பாள். ஆனால், இவளாக இருக்க மாட்டாள்" என்றார். என் கதாநாயகி போலிச் சிலையைக் கண்டுபிடிப்பது முழுக்க முழுக்க அந்த ஒரு பேச்சின் பலத்தில்தான். பட்டறை வரும் அத்தியாயங்களை மகனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஐயா ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அந்தப் பெண் உள்ளே நுழையும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும். சேர்த்துவிட்டேன், ஐயா.

அடுத்தவர், தம் பெயரைச் சொல்லவே கூடாது என்று கேட்டுக்கொண்ட ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. சிலை திருடுபோய்விட்டது என்று புகார் கொடுத்தால் மட்டும் போதாது, அது இன்ன கோயிலின் சிலைதான் என்று காட்டவும் வேண்டும் என்பதை அவர்தான் எனக்கு விளங்க வைத்தார். பத்தூர் நடராசர் வழக்கை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 1976இல் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்த நடராசர் கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்விட்டார். வழக்கு அங்கேயே நடந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி நேரில் போய்ச் சாட்சி சொன்னார். கோயிலே வழக்காடலாம் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். இதைவிடப் பெரிய திருப்பத்தை நான் எங்கே போய்க் கற்பனை செய்வது? என் நாவலின் நீதிமன்றக் காட்சிக்குத் துணிவு தந்தது இந்த வழக்குதான். "இந்த வேலையில் துப்பாக்கியைவிடப் பதிவேடுதான் அதிகம் பேசும்" என்று அவர் சொன்னதால்தான், கதை முடியும்வரை ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. வாசகர்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிறைவு.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையத்தில் பழைய படங்களைப் பார்க்க உதவியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் அந்த நிறுவனம் எடுத்துச் சேர்த்த படங்கள் இல்லாவிட்டால், எத்தனையோ சிலைகளுக்கு ஊரே இல்லாமல் போயிருக்கும். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கிய ஸ்ரீபுரந்தான் கோயிலின் களவுபோன நடராசரை அடையாளம் காட்ட உதவியவை அந்தப் படங்களே. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பிவந்தது. மடித்துக் கட்டிய வேட்டியோடு யாரோ ஒரு குருக்கள் ஓரமாக நிற்க, நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சோமாஸ்கந்தர் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அங்கே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கதாநாயகியைப் படக் காப்பகத்தில் வேலை பார்ப்பவளாக ஆக்கியது அந்தப் பிற்பகல்தான்.

இனி, பெரியம்மாவுக்கு. பஸ் நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களை வாங்கி ஒரே மூச்சில் படித்துப் பழகியவர் அவர். என் கையெழுத்துப் படியைப் பென்சிலோடு படித்தார். எந்த இடத்தில் கதை தளர்கிறதோ அந்த இடத்தின் ஓரத்தில் "இங்கே எழுந்து போய்ப் பால் காய்ச்சினேன்", "இங்கே பக்கத்து வீட்டுக்காரியோடு பேசினேன்" என்று எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் இருந்த பக்கங்கள் எதுவுமே இப்போது புத்தகத்தில் இல்லை. இதைவிட நேர்மையான விமர்சனம் எந்த எழுத்தாளருக்கும் கிடைத்திருக்காது. துப்பறியும் கதைகளை இரண்டாந்தரமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டும் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டும் இரண்டு தலைமுறைப் பெண்கள் தமிழ் படித்தது இந்தக் கதைகளால்தான். பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். இந்த நூலை அவருக்கே காணிக்கையாக்கியிருக்கிறேன்.

மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியர் ஐயா ஒவ்வொரு வல்லின ஒற்றுக்கும் நின்று நியாயம் கேட்டார். ஆனால், தஞ்சை வட்டாரப் பேச்சில் அமைந்த உரையாடல்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. "அது அவர்கள் வாய். அதில் நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

பக்க வடிவமைப்புச் செய்த தம்பியின் பொறுமைக்கு ஈடே கிடையாது. யூனிகோடில் இருந்ததை அச்சுக்கான எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்தார். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதியான ஃபார்மா கணக்கில் கடைசிப் பக்கங்கள் வீணாகாமல் பதினாறு பதினாறாக அடங்கும்படி பார்த்துக்கொண்டார். கிண்டிலுக்குத் தனியாக ஒரு கோப்பும் செய்து கொடுத்தார். நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் விண்ணப்பிக்க வழிகாட்டியதும் அவர்தான். இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை. தாமே பதிப்பிக்க நினைப்பவர்கள் இதற்காக யாரிடமும் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

அட்டைப்படம் வரைந்த தோழி, ரத்தமும் கத்தியும் இல்லாமலே பயத்தைக் கொண்டுவந்துவிட்டாள். அந்தப் பாதி உடைந்த மண் முகத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தைக் கையில் எடுத்ததாகப் பலர் சொல்கிறார்கள். அச்சக அண்ணன், மாதிரி அட்டையில் செம்பு நிறம் சிவப்பாக விழுந்ததும் நான் கேட்பதற்கு முன்பே மறுபடியும் ஓட்டித் தந்தார். ஆயிரம் பிரதிக்கு ஆர்டர் வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, "முதலில் டிஜிட்டலில் கொஞ்சமாக அடிப்போம், விற்றால் ஆஃப்செட்டுக்குப் போகலாம்" என்று என் பணத்தைத் தம் பணம்போல் பார்த்துக்கொண்டார். தொழிலில் இப்படி ஒருவர் அமைவது பெரிய பேறு.

அந்தப் பணத்தில் பெரும்பங்கு அத்தை எடுத்த சீட்டுப் பணம். மருமகள் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவதை ஒருநாளும் அவர் கேள்வி கேட்டதில்லை. வாசலில் யார் வந்தாலும், "எழுதிக்கொண்டிருக்கிறாள், பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். எழுத உட்கார்வதும் ஒரு வேலைதான் என்று எங்கள் வீட்டில் முதலில் ஏற்றுக்கொண்டவர் அவர். அத்தை, உங்களுக்கு நான் என்ன சொல்ல!

1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதிகளை அனுப்பியாகிவிட்டது. அவற்றில் ஒன்று சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போயிருக்கிறது. உங்களுக்கான பிரதிகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளூரில் இருப்பவர்களுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வாரமே தபாலில் வரும். படித்துவிட்டு, சிலை வார்ப்பிலோ வழக்கு நடைமுறையிலோ திருத்த வேண்டியது ஏதும் தெரிந்தால் பக்க எண்ணோடு எழுதுங்கள். அடுத்த அச்சுக்கு முன் சேர்த்துவிடலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
'உடைந்த அச்சு' ஆசிரியர்
கும்பகோணம்