மெரினா விழாக்களை உச்சி வெயிலில் வைக்காதீர்கள்: ஒரு திறந்த மடல்

சென்னைக் கடற்கரையில் முப்படை விழாக்களை நடத்தும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு ஏற்பாடு செய்து தரும் அரசுத் துறையினருக்கும்,

வணக்கம்.

2024 அக்டோபர் 6ஆம் தேதி என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மெரினாவில் விமானப்படையின் 92ஆம் ஆண்டு சாகச விழா, 72 விமானங்கள், காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை நிகழ்ச்சி, பார்க்க வந்தவர்களில் பறிபோன ஐந்து உயிர்கள். எல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். இருந்தும் எழுதுகிறேன் என்றால், இப்படி ஒரு விழா வரும்போதெல்லாம் எத்தனை விமானம், எந்தக் கப்பல் என்பதுதான் அறிவிப்பில் பெரிதாக வருகிறது. பார்க்க வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள், எதைக் குடிப்பார்கள், எப்படி வீடு திரும்புவார்கள் என்பதெல்லாம் "குடை, தொப்பி, தண்ணீர் எடுத்து வாருங்கள்" என்ற ஒரு வரி அறிவுரையோடு முடிந்துவிடுகிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். மெரினாவில் இனி எந்தப் படை விழாவையும் உச்சி வெயிலில் வைக்காதீர்கள்.

விழாவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். துறைமுகத்தில் போர்க்கப்பலைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் போய் நிற்கிற ஊர் இது. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட பையன் ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பான். விமான சாகசம் மெரினாவுக்குத் திரும்பி வந்ததே 21 வருடம் கழித்துத்தான். ரஃபேலையும் தேஜஸையும் தலைக்கு மேலே பார்க்க இலவசமாக ஒரு வாய்ப்பு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சனம் வராமல் என்ன செய்யும்? பதினைந்து லட்சம் பேர் வந்தார்கள் என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிப்பதுதான் நோக்கம் என்று முன்கூட்டியே செய்தியும் வந்தது. அப்படியானால் அவ்வளவு கூட்டம் வரும் என்பது தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அந்த நேரம் குறிக்கப்பட்டது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 11 மணி நிகழ்ச்சிக்கு எட்டு மணிக்கே மணலில் இடம்பிடித்து உட்கார்ந்தவர்கள் ஏராளம். கையில் கொண்டுவந்த பாட்டில் ஒன்பதரைக்கெல்லாம் தீர்ந்திருக்கும். வழக்கமாக மணலில் தண்ணீர் விற்கிற சிறு வியாபாரிகளையும் விழாவுக்காக அப்புறப்படுத்திவிட்டார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. மெரினா மணல் சராசரியாக 300 மீட்டர் அகலம். அலைக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு பாட்டிக்குத் தாகம் எடுத்தால், காலைச் சுடும் அந்த மணலைக் கடந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு காமராஜர் சாலைக்கு வரவேண்டும். அங்கேயும் தண்ணீர் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திரும்பவும் தன் குடும்பம் இருக்கிற இடத்துக்குப் போக முடியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதனால் அவர் எழுந்து போகவே மாட்டார். தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நடக்கும்போதுதான் உடம்பு கைவிடுகிறது.

நான் திருவல்லிக்கேணிக்காரன். அன்று மதியம் எங்கள் தெருவுக்குள் வந்த கூட்டம், திறந்திருந்த ஒவ்வொரு வாசலிலும் நின்று தண்ணீர் கேட்டது. நன்றாக உடுத்தி வந்தவர்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டவர்கள், வாய்விட்டுக் கேட்கவும் கூச்சப்பட்டுக் காலி பாட்டிலை மட்டும் நீட்டியவர்கள். தெருக்காரர்கள் குடம் குடமாக எடுத்து ஊற்றினார்கள். கொடுத்ததில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அரசு விழாவுக்கு வந்த விருந்தாளிகள், முன்பின் தெரியாத வீட்டு வாசலில் கையேந்தி நின்றதை என்னால் இன்றுவரை சகித்துக்கொள்ள முடியவில்லை.

வெளியேறும் வழியும் அப்படித்தான். பறக்கும் ரயில் அப்போது கடற்கரை நிலையம் வரை ஓடவில்லை. நாலாவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் முதல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது. வடசென்னைக்காரர்கள் அதில் ஏறி ஊர் போய்ச் சேர வழியே இல்லை. சிந்தாதிரிப்பேட்டையிலும் வேளச்சேரியிலும் நடைமேடையில் கால்வைக்க இடமில்லாத படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, வேறு எப்போது வைப்பது? கடற்படை விழாக்களைப் பாருங்கள். விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் கடற்படை தன் சாகசங்களைக் காட்டுவது சாயங்காலத்தில். மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவில் கடற்படை தின அணிவகுப்பும் இசையும் நடப்பது பொழுது சாயும் வேளையில். நம் மெரினாவிலேயே குடியரசு தின விழா, அதுவும் ஜனவரிக் குளிரில், காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. மெரினா கிழக்கு பார்த்த கடற்கரை. நாலு மணிக்கு மேல் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், கடல் காற்றும் வந்திருக்கும். கடலுக்கு மேலே பறக்கிற விமானத்தைக் கண் கூசாமல் பார்க்கலாம். அக்டோபர் தொடக்கத்தில் ஆறு மணி வாக்கில்தான் பொழுது சாய்கிறது, ஆக இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. அந்த மாதத்தில் மாலையில் இடி மழை வரலாம் என்பது உங்கள் கவலையாக இருந்தால் காலை ஏழு மணிக்கு வையுங்கள். இல்லையென்றால் மாதத்தை மாற்றுங்கள். விமானப்படை தினம் அக்டோபர் 8 என்பதற்காக மக்கள் அக்டோபர் வெயிலில் நிற்க வேண்டுமா?

படுக்கைகள் தயாராக இருந்தன, ஆம்புலன்ஸ்கள் நின்றன, மருத்துவர்கள் இருந்தார்கள் என்று அப்போது பதில் வந்தது. இருந்திருக்கட்டும். மயங்கி விழுந்தவரைத் தூக்கிப் போக ஆயிரம் ஏற்பாடு செய்தவர்கள், விழாமல் இருக்க நிழலும் தண்ணீரும் தந்திருக்கக் கூடாதா? முக்கியப் பிரமுகர்களுக்குப் பந்தல் போட முடிந்ததே. அவர்களுக்குச் சுடுகிற அதே வெயில்தானே மணலில் இருக்கிற முதியவருக்கும் சுடுகிறது? இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் அறிவித்தீர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் கூட்டமாக வருகிறவனின் உயிர் எப்போதும் பிறகுதான் கணக்கில் வருகிறது. 2025 செப்டம்பரில் கரூரில் 41 பேரைப் பறிகொடுத்த பிறகுதான் கட்சிக் கூட்டங்களுக்கு நெறிமுறை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை பேச்சு எழுந்தது. கட்சிகளுக்கு விதி வகுக்கிற அரசு, தன் விழாவுக்கு அந்த விதியை முதலில் பொருத்திக் காட்ட வேண்டாமா?

கோபத்தில் சொல் கொஞ்சம் கடுமையாகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். அடுத்த விழாவுக்குத் தேதி குறிக்கும்போது நேரத்தை மாலையிலோ அதிகாலையிலோ குறியுங்கள். மணலில் எந்த இடத்திலிருந்தும் எட்டி நடக்கிற தூரத்தில் தண்ணீர் வையுங்கள், சிறு வியாபாரிகளை விரட்டாதீர்கள். ரயில்வே, மெட்ரோ, மாநகரப் பேருந்து மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, திரும்பிப் போகும் ஏற்பாட்டை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே மக்களுக்கு அறிவியுங்கள். இவ்வளவையும் செய்ய முடியாத வருடம் என்றால் முதல் கோரிக்கையையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்: உச்சி வெயிலில் வேண்டாம்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணிவாசி ஒருவன்