மாமாவையும் மாமியையும் பாலைவனம் காட்டக் கூட்டிப்போகும் மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். ஜூலை நடுப்பகுதியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் கார் எடுத்து, டெத் வேலி, சயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ், கிராண்ட் கேன்யன் என்ற தேசியப் பூங்காக்களை ஒரே வாரத்தில் சுற்றி வரப் போகிறாய். ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு நடை வேறு. கடைசியில், "அப்பாவும் அம்மாவும் மட்டக்களப்பு வெயிலில் காய்ந்தவர்கள், சமாளிப்பார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எல்லாரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கல்லடியிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற தாய் தகப்பன்மார் இப்போது நிறையப் பேர். அவர்களின் பிள்ளைகளுக்கும் இது உதவலாம்.

எங்கள் வெயிலில் பழகியதை நம்பி அந்த வெயிலுக்குள் இறங்க முடியாது, மச்சான். கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில்கூட இங்கே 35, 36 பாகைதான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, காற்றெல்லாம் ஈரம். வியர்வை காயாமல் வழிகிறது, சட்டை முதுகோடு ஒட்டுகிறது, தாகம் எடுக்கிறது, நாமும் எங்காவது நிழல் தேடி உட்கார்ந்துவிடுகிறோம். உடம்பே சொல்லிவிடும். பாலைவனத்தில் அது சொல்லாது.

ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவுக்குப் போகும் பாதை போகவர 4.8 கிலோமீட்டர். பெரும்பகுதி மொட்டைப் பாறை, ஒதுங்க நிழல் இல்லை. அக்கா குடும்பத்தோடு அதில் ஏறியபோது என் சட்டை கடைசிவரை நனையவே இல்லை. நெற்றியைத் துடைத்தால் விரலில் ஈரம் வரவில்லை, உப்புத்தான் மணல் மணலாக உதிர்ந்தது. தொப்பியின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு. உடம்பிலிருந்து போன அத்தனை தண்ணீரையும் வெளியே தெரியுமுன்பே காற்று குடித்துவிட்டது. "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று அத்தான் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய உதடு வெடித்திருந்தது.

2024 ஜூலையில் கேன்யன்லாண்ட்ஸில் நடக்கப் போன ஒரு தகப்பனும் மகளும் வழி தவறி, கொண்டுபோன தண்ணீரும் முடிந்து இறந்துபோனார்கள். மகளுக்கு 23 வயதுதான். அதே மாதம் டெத் வேலியில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வெக்கையில் விழுந்து இறந்தார். ஏற்றிப் போக மருத்துவ ஹெலிகொப்டர் வர முடியவில்லை. காற்று அவ்வளவு சூடானால் அதன் அடர்த்தி குறைந்துவிடும், ஹெலிகொப்டரைத் தூக்கி நிறுத்தாது. கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையும் அந்த வெக்கையில் செல்லாது. பூங்காக்களுக்குள் பல இடங்களில் போன் சிக்னலே இல்லை என்பது வேறு.

ஆகவே ஜூலையில் டெத் வேலி வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று 56.7 பாகை பதிவான இடம் அது. உலகத்தில் பதிவான ஆகக் கூடிய வெப்பம் இன்றைக்கும் அதுதான். சாதாரண ஜூலைப் பகலே 47 பாகை. ஒரு வருடம் முழுக்க அங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 5 சென்ரிமீட்டர். எங்கள் மார்கழி மழை அதை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகும். பார்க்க வேண்டிய இடந்தான், இல்லையென்று சொல்லவில்லை. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உப்புத்தரையில் நிற்பது சின்ன விஷயமா? நீ தனியாகத் தை மாசியில் போய்ப் பார்.

இனி மாமியைப் பற்றி. அவர் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால் நடந்தவர் என்பது உனக்குத் தெரியும். நாம் அதை யாத்திரை என்கிறோம். ஆனால் நடக்கிற பாதை குமண, யால என்ற இரண்டு தேசியப் பூங்காக்களுக்குள்ளால்தான் போகிறது. அந்தப் பாதையில் எத்தனை இடம் பார்த்தோம் என்று யாரும் எண்ணுவதில்லை. அடுத்த தண்ணீர் எங்கே என்பதுதான் கணக்கு. விடிய வெள்ளென அரோகரா சொல்லி மூட்டையைத் தூக்கினால், வெயில் ஏறுமுன் தண்ணீர் உள்ள இடத்தைப் பிடித்துவிட வேண்டும். குமுக்கன் ஆற்றங்கரையில் மருத மரங்களின் கீழே குளித்து, சமைத்து, படுத்தெழும்பி, வெயில் தாழ்ந்த பிறகுதான் அடுத்த நடை. ஆகப் பிந்தி நடக்கிறவரின் வேகந்தான் கூட்டத்தின் வேகம். கிராண்ட் கேன்யன் ரேஞ்சர்கள், அதாவது பூங்காக் காவலர்கள், சொல்வதும் இதைத்தான்: கோடையில் காலை 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் இடையில் பள்ளத்துப் பாதைகளில் நடக்காதீர்கள். உன் திட்டத்தில் ஆர்ச்சஸ் நடை 11 மணிக்குத் தொடங்குகிறது. மாமியிடம் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் அவரே வெட்டியிருப்பார்.

இன்னொன்று, ஆடியில் கதிர்காமக் கொடியேற்றம். இந்த வருடமும் நடக்க வேண்டும் என்று மாமிக்கு மனதில் இருக்கிறது. மகன் கூப்பிடுகிறான் என்பதால் உன்னிடம் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன். பயணத்தைப் புரட்டாசி கடைசிக்கு, அதாவது ஒக்டோபர் முதல் இரண்டு கிழமைக்குத் தள்ளு. சயானும் பிரைஸும் உள்ள யூட்டா மாநிலத்தில் வெக்கை இறங்கியிருக்கும். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை அடிக்கும் இடிமழைக் காலமும் ஓய்ந்திருக்கும். அந்த மழையைச் சும்மா நினைக்காதே. 2015 செப்டெம்பர் 14 அன்று சயானில் கீஹோல் கேன்யன் என்ற ஒடுங்கிய பள்ளத்துக்குள் இறங்கிய ஏழு பேரை வெள்ளம் கொண்டுபோனது. மழை எங்கோ பெய்யும், பாறை தண்ணீரை உறிஞ்சாது, அத்தனையும் ஒரு வெடிப்புக்குள்ளால் பாய்ந்து வரும். தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கலாம். எந்த மாதம் போனாலும், பள்ளத்துக்குள் இறங்குகிற நாளில் ரேஞ்சரிடம் வெள்ள எச்சரிக்கை கேட்டுவிட்டு இறங்கு.

என் விருப்பம் மூன்று பூங்காக்கள் மட்டும்: சயானில் மூன்று இரவு, பிரைஸில் இரண்டு, கிராண்ட் கேன்யனில் இரண்டு. வேகாஸிலிருந்து சயானுக்கு இரண்டரை மணி நேர ஓட்டம், அங்கிருந்து பிரைஸ் இரண்டு மணி. பிரைஸிலிருந்து கிராண்ட் கேன்யன் தென்விளிம்புக்குத்தான் நீண்ட ஓட்டம், ஐந்து மணி நேரம் போகும். வழியில் அரிசோனாவுக்குள் நுழைந்ததும் நேரம் ஒரு மணி பின்னே போகும், நவாஹோ மக்களின் நிலத்துக்குள் மறுபடி முன்னே வரும். போனில் காட்டும் நேரத்தை நம்பி ஹொட்டலுக்கு வாக்குக் கொடுக்காதே. ஆர்ச்சஸும் கேன்யன்லாண்ட்ஸும் இருக்கிற மோவாப் பக்கம் இந்த முறை வேண்டாம். அந்தச் சுற்றில் மாமா பார்க்கப் போவது பெரும்பாலும் காரின் முன் கண்ணாடியைத்தான்.

சயானில் பூங்காவின் இலவச பஸ் ஓடுகிறது. அது ஓடும் காலத்தில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான். கடைசித் தரிப்பில் இறங்கினால் ரிவர்சைட் வோக். ஆற்றோரம், போட்ட பாதை, ஒரு பக்கம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர், ஏற்றம் குறைவு. மாமாவின் முழங்காலுக்கு அதைவிட நல்ல பாதை கிடைக்காது. ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாறையில் ஏற உனக்கு ஆசை என்று தெரியும். 2022 ஏப்ரல் தொடக்கம் அதற்குக் குலுக்கலில் அனுமதி எடுக்க வேண்டும். கிடைத்தால் அவர்களை அறையில் விட்டுவிட்டு விடியவே நீ மட்டும் ஏறு.

பிரைஸில் பிரச்சினை வேறு, குளிர். அந்த விளிம்பு 2400 மீட்டருக்கு மேலே. எங்கள் நாட்டின் ஆக உயர்ந்த பிதுருதலாகல உச்சியே 2524 மீட்டர்தான் என்றால் யோசித்துப் பார். ஒக்டோபரில் இரவு உறைநிலைக்கு வரும். ஆண்டின் ஏறத்தாழப் பாதி நாட்களில் பாறை வெடிப்புக்குள் தண்ணீர் இரவில் உறைந்து பகலில் உருகுகிறது. உறையும்போது விரிந்து பாறையைப் பிளக்கிறது. அங்கே கூட்டம் கூட்டமாக நிற்கிற செங்கல் நிறத் தூண்கள் அப்படிச் செதுக்கப்பட்டவைதான். சூரியன் வரும் நேரம் பார்க்க வேண்டும். மாமிக்குக் கம்பளிச் சட்டையும் கையுறையும் வாங்கி வை.

கிராண்ட் கேன்யனில் கீழே இறங்க வேண்டாம். இறங்குவது லேசு, ஏறும்போது வெயிலும் உயரமும் சேர்ந்து மூச்சை வாங்கும். தென்விளிம்பே நுவரெலியாவைவிட உயரம். விளிம்போடு டிரெயில் ஒஃப் டைம் என்று ஒரு சமதரைப் பாதை இருக்கிறது. ஒரு மீட்டர் ஒரு மில்லியன் வருடம் என்ற கணக்கில் நிலத்தில் பித்தளைக் குறிகள் பதித்து, அந்தந்தக் காலத்துப் பாறைத் துண்டுகளைக் கையால் தொட்டுப் பார்க்க வழியோரம் வைத்திருக்கிறார்கள். மாமா புவியியல் படிப்பித்தவர், அவரை அதில் விட்டால் நீ கூப்பிட்டாலும் வரமாட்டார்.

காரில் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர் தண்ணீர் இருக்கட்டும். நடக்கும்போது மணிக்கு அரை லீற்றராவது குடிக்க வேண்டும், தாகம் வரும்வரை பார்க்கக் கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். அதற்குத்தான் உப்புப் போட்ட கச்சான் கடலை, மிக்சர், தேசிக்காய்த் தண்ணீர். இங்கிருந்து ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூள் பைக்கற் சில கொடுத்து விடுகிறேன். மாமாவின் பிரஷர் குளிசையில் சலம் போகச் செய்யும் வகை இருக்கிறதா என்று டொக்டரிடம் கேட்டுக்கொள். அது உடம்பு நீரை இன்னும் குறைக்கும். நிறுத்தி வைத்த காருக்குள் இன்சுலினை விடாதே.

கட்டணத்தையும் பார்த்து வை. 2026 தொடக்கம் வெளிநாட்டவரிடம் ஆளுக்கு 100 டொலர் கூடுதலாக வாங்கும் பூங்காக்களில் இந்த மூன்றும் உண்டு. அவர்களுக்கான வருட அட்டை 250 டொலர். எது லாபம் என்று கணக்குப் பார்த்து எடு.

மாமாவுக்கு நடைச் சப்பாத்து இங்கேயே வாங்கி, பின்னேரங்களில் கல்லடிக் கடற்கரை மணலில் நடக்கக் கூட்டிப்போகிறேன். நீ விமான டிக்கெட்டை மாற்றிவிட்டு முதலில் சயானில் அறை பார். சயான் வாசலில் இருக்கிற ஸ்பிரிங்டேல் ஊரில் ஒக்டோபர் அறைகள் சீக்கிரம் முடிந்துவிடும். மாமிக்கு நீயே கோல் எடுத்து, கதிர்காமம் போய்விட்டு வரச் சொல்லு.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உன் மச்சான்