எதிரே வந்து பேசு

அன்புள்ள வசந்தி,

போன கடிதத்துக்கே பதில் வரவில்லை என்று நீ திட்ட ஆரம்பிப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. மீனா பெங்களூரில் வீடு மாறிவிட்டாள். லோகாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். இன்னமும் அதே குடை! மற்றதை நேரில் சொல்கிறேன்.

விஷயம் என்னவென்றால், அத்தைக்குக் காது மிஷின் வாங்கியிருக்கிறோம். இதற்கா இவ்வளவு பெரிய கடிதம் என்று சிரிக்காதே, படி.

காது மந்தம் என்பதை அத்தை ஒத்துக்கொண்டதே இல்லை. "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ள முணுமுணுக்கிறீங்க" என்பார். பரிசோதனை செய்த பெண் வரைபடத்தைக் காட்டி, அத்தை சொல்வது சரிதான் என்றாளே பார்க்கலாம்! வயதானால் முதலில் போவது கீச்சுச் சத்தங்களைக் கேட்கும் திறனாம். உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து நழுவிவிடும். பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. "பால் ஆறிடுச்சு" என்று நான் சொன்னால், "கால் எங்க ஆறிச்சு, இன்னும் வலிக்குதே" என்று பதில் வரும். நாங்கள் அதை வைத்து எத்தனை நாள் சிரித்திருப்போம்!

ஆனால் 'பால்' என்னும்போது உதடு மூடித் திறக்கிறது, 'கால்' என்னும்போது மூடுவதில்லை. முகத்தைப் பார்த்தால் குழப்பமே இல்லை. அத்தை பல வருஷமாக நம் வாயைப் பார்த்துத்தான் பாதி பேச்சைப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவேன், இவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து பேசுவார், மீனா வந்தால் போனைப் பார்த்தபடியே பேசுவாள். அவர் எதைப் பார்ப்பது?

அந்தப் பெண் சட்டமே போட்டுவிட்டாள். முதலில் கூப்பிட வேண்டும், அவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேச்சு. எதிரே வர வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், டிவியை நிறுத்த வேண்டும். முக்கியமாக, கத்தக் கூடாது. கத்தினால் சொல் உடைந்துவிடுமாம், வாய் கோணிக்கொள்ளுமாம். அதோடு முகமும் கோபமாகத் தெரிகிறது. இவர் "மாத்திரை போட்டியாம்மா" என்று அக்கறையாகத்தான் கேட்பார். அத்தை மத்தியானம் வரை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இப்போது புரிகிறது.

மிஷின் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்றால், கண்ணாடி மாட்டியதும் எழுத்து தெரிவதுபோல இது இல்லை. மிக்ஸி, மின்விசிறி, ஸ்பூன் கீழே விழுவது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தூக்கிக் கொடுக்கிறது. சரியாகப் பொருந்தாவிட்டால் 'கீ' என்று கத்துகிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அது பாவம் என்ன செய்யும்? ஆகவே மிஷினும் வேண்டும், நாமும் எதிரே போய் உட்கார வேண்டும்.

நடந்துபோய்ச் சொல்ல வேண்டும் என்றதும், நான் சொல்ல நினைப்பதில் பாதி சொல்லவே லாயக்கில்லை என்று தெரிந்துபோனது. மிஞ்சியதைச் சொன்னால் முழுசாய்ச் சொல்லி முடிக்கிறேன். போன வாரம் நான் எதிரே உட்கார்ந்து ஏதோ கேட்க, அத்தை பதிலே சொல்லாமல் உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்குத்தி எப்ப மாத்தினே?" என்றார். மாற்றி வருஷக்கணக்காகிறது, வசந்தி! ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில். யார் யாரைப் பார்க்கவில்லை என்று சண்டை போடக்கூட முடியாது, கணக்கு சமம்.

எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று உடனே கமலாவுக்குப் போன் போட்டுவிடாதே. சில நாள் அலுத்துவிடுகிறது. அன்றைக்கு மீனாவின் பழைய சிலேட்டில் 'தோசையா இட்லியா' என்று எழுதிக் காட்டிவிடுவேன். நாள் முழுக்க எல்லாருக்கும் முகம் கொடுத்துக்கொண்டே இருக்க மனுஷியால் ஆகுமா?

ஆனால் ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. ஒரு வளைகாப்பில் யாரோ அத்தையிடம், அவர் தம்பிக்கு நெஞ்சு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் ஒன்றும் விளங்காமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அத்தையும் சிரித்துத் தலையாட்டியிருக்கிறார். "பெரியம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சு" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகுதான் அவர் எந்த விசேஷத்துக்கும் வராமல் நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கும் அதிகமானவர்களுக்கு, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேட்பதில்லை. மறதி நோய் வருவதற்கு, நாம் முயன்றால் குறைக்கக்கூடிய காரணங்களில் இதையும் ஒன்றாக லான்செட் இதழின் ஆய்வுக் குழு 2020இல் பட்டியலிட்டிருக்கிறது. பேச்சிலிருந்து ஒதுங்குகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்று புரிந்திருக்கும். "அப்பா போனில் 'சரி, சரி' என்று வைத்துவிடுகிறார், என்மேல் என்ன கோபமோ" என்று எழுதியிருந்தாயே, அது கோபமாக இருக்காதடி. சாதாரணப் போன் குரலின் கீச்சுப் பகுதியை வெட்டித்தான் அனுப்பும், பார்க்க முகமும் கிடையாது. முதலில் காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டு, அப்புறம் பரிசோதனை. அதுவரை வீடியோவில் பேசு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, முகம் இருட்டாகத் தெரியும்.

மிஷின் வாங்கினால் பேட்டரியின் ஸ்டிக்கரை முன்கூட்டியே உரிக்க விடாதே. காற்றுப் பட்டதும் அது வேலை செய்யத் தொடங்கிவிடும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது. அத்தை ஆசையாக ஒரு அட்டை முழுவதையும் உரித்து வைத்துவிட்டார். இவர் இன்னும் அந்தக் காசைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார், முணுமுணுப்பாக.

உன்
மல்லிகா